லைட்டா ஷுகர்!

ஆபரேஷன் என்றால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "யார் பண்றாங்க?" இரண்டாவது, "எவ்வளவு ஆகும்?" மூன்றாவது, "ரூம்ல ஏ.ஸி. உண்டா?" சர்ஜன் கைராசிக்காரர் என்று காதில் விழுந்தால் போதும், ராத்திரி பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். ஆனால், "மயக்கம் கொடுக்கறது யாருங்க?" என்று கேட்ட ஒரு சொந்தக்காரரைக்கூட நான் பார்த்ததில்லை.

கல்யாண வீட்டில் நாகஸ்வரக்காரரை எல்லோரும் பார்ப்பார்கள். பக்கத்தில் கன்னம் உப்பி ஒத்து ஊதிக்கொண்டிருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் நிறுத்தினால்தான் அப்படி ஒருத்தர் இருந்ததே தெரியும். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டரின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். இந்த வாரம் அவரைப் பற்றி. குறிப்பாக, தையல் போட்டு முடித்த பிறகு அவர் செலவழிக்கும் கடைசி கொஞ்ச நேரத்தைப் பற்றி. வீட்டில் ஷுகர் பேஷண்ட் இருந்தால் (யார் வீட்டில் இல்லை?) கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்.

பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், முழு மயக்கம் என்பது மூன்று பேர் சேர்ந்து நடத்தும் பார்ட்னர்ஷிப். ஒருவர் தூங்க வைப்பார். இவர்தான் நிஜமான ஸ்லீப்பிங் பார்ட்னர். இன்னொருவர் வலியைக் கவனித்துக்கொள்வார். மூன்றாமவர் தசைகளைத் தளர்த்துவார். வயிற்றுத் தசை தவில் மாதிரி விறைத்துக்கொண்டிருந்தால் சர்ஜன் உள்ளே கை வைக்க முடியாது. தொண்டை இறுகியிருந்தால் மூச்சுக்குழாய்க்குள் ட்யூபை இறக்க முடியாது. அதனால்தான் இந்த மூன்றாவது பார்ட்னர்.

இவரிடம் ஒரு சங்கடம் உண்டு. கை கால் தசை, மூச்சு விடும் தசை என்று பாகுபாடு பார்க்க மாட்டார். எல்லாவற்றையும் தளர்த்திவிடுவார். ஆகவே மருந்து ஏறியதும் பேஷண்டின் மூச்சு நின்றுவிடும். அதற்கப்புறம் மூச்சு விடுவது மெஷினின் வேலை. மெஷினிடமிருந்து அந்த வேலையைத் திரும்பப் பேஷண்டிடம் ஒப்படைக்கிற நேரம்தான் நம்முடைய கதை.

* * *

இந்த மருந்தின் பூர்வீகம் தென் அமெரிக்கக் காடு. அங்கே பழங்குடிகள் க்யூராரே என்கிற செடிச் சாற்றை அம்பு நுனியில் தடவி வேட்டையாடினார்கள். அடிபட்ட மிருகம் அசைய முடியாமல், மூச்சு விட முடியாமல் விழும்.

சார்ல்ஸ் வாட்டர்டன் என்கிற ஆங்கிலேயர் கயானா காட்டுக்குப் போய் அந்த விஷத்தைக் கொண்டு வந்தார். 1814-ல் லண்டனில் ஒரு பெண் கழுதைக்கு அதைக் கொடுத்தார்கள். கழுதை விழுந்து மூச்சு நின்றது. உடனே மூச்சுக்குழாயில் ஓட்டை போட்டு, கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி ஒன்றை வைத்து மணிக்கணக்கில் காற்றை ஊதினார்கள். விஷத்தின் வேகம் அடங்கியதும் கழுதை எழுந்து நின்றது! அதற்கு வூராலியா என்று பேர் வைத்து, வேலை எதுவும் வாங்காமல் வைத்துக்கொண்டார்கள். 1839 வரை, இன்னும் இருபத்தைந்து வருஷம், வாழ்ந்தது. அரசாங்க உத்தியோகத்தில்கூட இப்படி ஒரு பென்ஷன் கிடையாது.

கழுதை சொல்லிக்கொடுத்த பாடம் ரொம்ப எளிமை. இந்த விஷத்தால் ஆள் போவது மூச்சு நிற்பதால்தான். மருந்து முறியும்வரை யாராவது காற்று கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைத்துவிடலாம்.

1942 ஜனவரி 23-ம் தேதி கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் ஹெரால்ட் க்ரிஃபித் என்கிற மயக்க டாக்டர், உதவியாளர் ஈனிட் ஜான்ஸனுடன் சேர்ந்து, அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு வந்த இளைஞர் ஒருவருக்குச் சுத்திகரித்த க்யூராரேயைக் கொடுத்தார். வயிறு வெண்ணெய் மாதிரி தளர்ந்தது. உலகமே கைதட்டியது.

கைதட்டல் ஓய்ந்ததும் கணக்கு வந்தது. அமெரிக்காவில் பீச்சர், டாட் என்று இரண்டு பேர் 10 ஆஸ்பத்திரிகளில் 1948 முதல் 1952 வரை நடந்த சுமார் 6 லட்சம் மயக்கங்களை அலசி, 1954-ல் அறிக்கை வெளியிட்டார்கள். தசை தளர்த்தி கொடுக்காதபோது மயக்கத்தால் சாவு 2,100 பேருக்கு ஒன்று. கொடுத்தபோது 370 பேருக்கு ஒன்று. ஏறக்குறைய ஆறு மடங்கு! மருந்தை ஏற்றுவதில் இருந்த சாமர்த்தியம் இறக்குவதில் இல்லை என்பது பின்னால்தான் மெல்லப் புரிந்தது. பேஷண்ட் எழுந்துவிட்ட மாதிரி தெரியும். தசைக்குள் மருந்து பாக்கி இருக்கும். கடனில் கடைசித் தவணை கட்டாமல் பத்திரத்தைத் திருப்பி வாங்கிவிட்ட மாதிரி.

இன்றைக்கு மருந்துகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன, மெஷின்களும்தான். ஆனாலும் அந்தப் பாக்கி இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆபரேஷன் முடிந்து ரெகவரி அறைக்கு வருகிறவர்களை அளந்து பார்த்த பல ஆய்வுகளில், ஐந்தில் ஒருவர் முதல் இருவர் வரை தசை பலம் முழுதாகத் திரும்பாமலே இருந்திருக்கிறார்கள்.

* * *

இது எப்படி நடக்கிறது? தீபாவளிக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள், புரியும்.

நரம்பின் நுனிக்கும் தசைக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு. மூளையிலிருந்து 'கையைத் தூக்கு' என்று உத்தரவு வந்ததும் நரம்பு நுனி, அஸிட்டைல்கோலின் என்கிற பயணிகளை இடுக்கில் இறக்கிவிடும். எதிரே தசையில் அவர்களுக்கென்று ஸீட்டுகள். உட்கார்ந்தால் தசை சுருங்கும், கை தூக்கும். உட்கார்ந்த மாத்திரத்தில் கண்டக்டர் (இவர் ஒரு என்ஸைம்) வந்து, 'இறங்கு இறங்கு' என்று காலி பண்ணிவிடுவார். அடுத்த உத்தரவுக்கு ஸீட் தயார்.

தசை தளர்த்தி என்ன செய்கிறது? ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறது. அவ்வளவுதான். பயணி வந்து பார்க்கிறார், ஸீட் எல்லாம் துண்டு. பஸ் நகரவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. துண்டுகளை எடுக்க வேண்டும். ஈரல், சிறுநீரகம் இரண்டும் மெதுவாக எடுத்துப் போடும். அவசரப்படுத்த நியோஸ்டிக்மைன் என்று ஒரு பழைய ஊசி உண்டு. அது துண்டைத் தொடாது. கண்டக்டரின் கையைக் கட்டிவிடும். யாரும் இறங்காததால் பயணிகள் கூட்டம் ஏறிக்கொண்டே போய், துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் பஸ் முழுக்கத் துண்டாக இருந்தால் இந்த ஜம்பம் பலிக்காது. ஓரளவாவது ஸீட் தானாகக் காலியான பிறகுதான் போட வேண்டும்.

இப்போது இந்த பஸ்ஸில் ஷுகரை ஏற்றுங்கள்.

பல வருஷ ஷுகர் முதலில் நரம்பைக் கடிக்கிறது, அதிலும் நுனியை. பாதம் மரத்துப்போவது அதனால்தான். நரம்பு நுனி பழுதானால் தசைக்குப் போகிற உத்தரவும் நோஞ்சானாகத்தான் போகும். ஏற்கெனவே தள்ளாடும் இந்த இடத்தில்தான் தசை தளர்த்தி துண்டு போடுகிறது. அடுத்தது சிறுநீரகம். துண்டை எடுத்துப் போட வேண்டிய ஆளே சோர்ந்திருந்தால் மருந்து உடம்பிலேயே தங்கும். 2003-ல் ஜப்பானிய டாக்டர்கள், வெக்குரோனியம் என்கிற தசை தளர்த்தியைக் கொடுத்து அளந்து பார்த்து, ஷுகர் உள்ளவர்களுக்கு அதிலிருந்து மீள்வது தாமதமாகிறது என்று எழுதினார்கள். எல்லா ஷுகர்காரர்களுக்கும், எல்லா மருந்துக்கும் ஒரே அளவு தாமதம் என்று அர்த்தமில்லை. 'எல்லாருக்கும் ஆகிற நேரத்துக்குள் இவருக்கும் ஆகிவிடும்' என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதுதான் விஷயம்.

மூன்றாவதாக வயிறு. ஷுகர் வயிற்று நரம்பையும் விடுவதில்லை. ராத்திரி சாப்பிட்ட இட்லி காலையிலும் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். தொண்டைத் தசை முழு பலம் பெறாத நேரத்தில் அது மேலே வந்தால், போக வேண்டிய வழியை விட்டு நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சுத் திணறல், நிமோனியா எல்லாம் அப்படித்தான் வருகின்றன. போதாக்குறைக்கு, ஆக்ஸிஜன் குறைந்தால் 'வேகமாக மூச்சு விடு' என்று உடம்பு அடிக்கும் அபாய மணியையும் மிச்சமிருக்கும் மருந்து மந்தமாக்கிவிடும்.

* * *

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி. கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ரிடையரானவர். பித்தப்பையில் கல். பையன் வெளியூரில் இருப்பதாலும், எழுத்தாளன் என்றால் வேலை வெட்டி இல்லாதவன் என்று தெருவே ஏகமனதாக முடிவு செய்துவிட்டதாலும், துணைக்கு நான் போனேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு லேடி டாக்டர் வந்து உட்கார்ந்தார். மயக்க டாக்டர்.

"ஷுகர், பி.பி. ஏதாவது இருக்கா சார்?"

"பி.பி. இல்லீங்க மேடம். ஷுகர்... லைட்டா இருக்கு."

"லைட்டான்னா?"

"மாத்திரையில கன்ட்ரோல்ல இருக்கு."

"எத்தனை வருஷமா?"

"இப்பத்தான், ரெண்டு மூணு வருஷமா."

மூலையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த அவர் சம்சாரம் நிமிர்ந்தார். "ஏங்க, பெரியவ கல்யாணத்துக்கு முன்னாடியே மாத்திரை போட ஆரம்பிச்சுட்டீங்களே! பேரன் இப்ப ஆறாங் கிளாஸ்."

டாக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நானும் போட்டேன். பன்னிரண்டு வருஷத்துக்குக் குறையாது. வாழ்க்கை முழுக்க நயா பைசா விடாமல் டாலி பண்ணின மனுஷன், ஷுகரில் மட்டும் ஒன்பது வருஷத்தைக் கணக்கில் காட்டாமல் அமுக்கிவிட்டார்.

"கால் மரத்துப் போகுதா சார்?"

"அதெல்லாம் இல்லை."

"செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாதுங்க டாக்டரம்மா. ஒத்தைக் கால் செருப்போட வீட்டுக்கு வந்திருக்காரு."

அண்ணாச்சி சம்சாரத்தைப் பார்த்த பார்வையில் ஆப்பிளே பழுத்திருக்கும். டாக்டர் சிரிக்காமல், "கை ரெண்டையும் கூப்பி வணக்கம் சொல்லுங்க" என்றார்.

அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய டாக்டர், மரியாதை எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது என்று பவ்யமாகக் கும்பிட்டார். டாக்டர் பதிலுக்குக் கும்பிடவில்லை. குனிந்து அவர் விரல்களைப் பார்த்தார். உள்ளங்கைகளும் விரல்களும் ஒட்டவில்லை, நடுவே இடைவெளி. பல வருஷ ஷுகரில் மூட்டுகள் இப்படி இறுகும். விரல் இறுகியவருக்குக் கழுத்து மூட்டும் இறுகியிருக்கலாம். ட்யூப் இறக்குவது கஷ்டமாகலாம். அந்த ஒரு வணக்கத்தில் டாக்டருக்கு எவ்வளவோ தெரிந்துவிட்டது. சம்சாரம் மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய சீட்டுகளில் மிச்சமும் தெரிந்தது. சிறுநீரகத்துக்குப் புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார்.

மறுநாள், ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போய் அரை மணி ஆயிற்று. ஆளைக் காணோம். வெளியே பெஞ்சில் சொந்தக்காரர்கள் முகம் மாறியது. "ஏதாவது ஆயிருச்சோ? சொல்ல மாட்டேங்கறாங்களோ?" அண்ணாச்சியின் சம்சாரம் வாய் திறக்கவில்லை. மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. அதே லேடி டாக்டர். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதும்மா. அவரோட கட்டைவிரல் இன்னும் முழுசா முழிச்சுக்கலை. அது முழிச்சதும் ட்யூபை எடுத்துடறோம்."

'கட்டைவிரலா?' என்று பெஞ்சு முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

இருபது நிமிஷம் கழித்து அண்ணாச்சி வெளியே வந்தார், தானே மூச்சு விட்டுக்கொண்டு. வார்டுக்கு வந்து கண்ணைத் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "பில்லு எவ்வளவு?" கணக்குப் பிள்ளை முழுசாகத் திரும்பிவிட்டார் என்று நிம்மதியானோம்.

* * *

அதென்ன கட்டைவிரல்? மணிக்கட்டு நரம்பின் மேல் இரண்டு பட்டைகளை ஒட்டி, இரண்டு வினாடிக்குள் நான்கு தடவை மெல்லிய ஷாக் கொடுப்பார்கள். கட்டைவிரல் நான்கு தடவை துடிக்க வேண்டும். இதற்கு ட்ரெயின்-ஆஃப்-ஃபோர் என்று பேர். நான்கு பெட்டி ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் லிவர்பூலில் ஹஸன் அலி என்கிற டாக்டரும் அவர் சகாக்களும் 1970-ல் விவரித்த முறை. மருந்து பாக்கி இருந்தால் முதல் துடிப்பு பலமாகவும் நான்காவது நோஞ்சானாகவும் இருக்கும். முதல் துடிப்பின் பலத்தில் நான்காவதுக்கு 90 சதவிகிதமாவது இருந்தால்தான் ட்யூபை எடுக்கலாம் என்பது இன்றைய விதி. அமெரிக்க மயக்கவியல் டாக்டர்கள் சங்கம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி, இதைக் கருவியால் அளந்து எண்ணாகப் பார்க்கச் சொல்கிறது.

ஏன் கருவி? கண்ணும் கையும் ஏமாந்துவிடும். நான்காவது துடிப்பு 40 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டாலே, தொட்டுப் பார்க்கிற டாக்டருக்கு நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். "தலையைத் தூக்குங்க, கண்ணைத் திறங்க" என்கிற பழைய பரீட்சையிலும், மருந்து பாக்கி இருக்கும்போதே பாஸ் பண்ணிவிடுகிறவர்கள் உண்டு. ஷுகரால் நரம்பு மரத்தவர்களிடம் இந்தக் கட்டைவிரல் கணக்கையே இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். கருவி பழுதா, நரம்பு பழுதா, மருந்து பாக்கியா என்று பிரித்துப் பார்க்க, ஷுகர் விஷயம் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்தால் அவரிடம் ஆயுதங்கள் உண்டு. அட்ராகூரியம் என்கிற தசை தளர்த்தி பெரும்பாலும் ரத்தத்திலேயே தானாக உடைந்துவிடும். சிறுநீரகத்தின் தயவை எதிர்பார்க்காது. இன்னொரு ஆயுதத்தின் பேரைக் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். சுகமாடெக்ஸ்! பேரிலேயே சுகம். ஆனால் வைத்தவர்கள் தமிழர்கள் இல்லை, ஆர்கனான் கம்பெனியின் ஸ்காட்லாந்து ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள். அந்த 'சு' சர்க்கரையைக் குறிக்கிறது. எட்டு குளுகோஸ் மூலக்கூறுகளை வட்டமாகக் கோத்த ஒரு சர்க்கரை மெதுவடை. ரோகுரோனியம், வெக்குரோனியம் இரண்டையும் கண்டால் நடு ஓட்டைக்குள் இழுத்துப் பூட்டிவிடும். கண்டக்டரோடு பேச்சே கிடையாது. துண்டையே சுருட்டிக்கொண்டு போய்விடும். ஐரோப்பாவில் 2008-லும் அமெரிக்காவில் 2015-லும் அனுமதி கிடைத்தது. ஷுகரால் வந்த சிக்கலைச் சர்க்கரை வளையம் தீர்த்து வைக்கிறது பாருங்கள்! இதனால் ரத்தத்தில் ஷுகர் ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வளையம் உடம்பில் உடைவதில்லை, அப்படியே சிறுநீரில் போய்விடும். ஆனால் சிறுநீரகம் ரொம்பக் கெட்டவர்களுக்கு இது சிபாரிசு இல்லை. அட்ராகூரியத்திடமும் இதன் ஜம்பம் பலிக்காது. எந்த ஆயுதத்தை எப்போது எடுப்பது என்பது டாக்டர் வேலை. உண்மையைச் சொல்வது நம் வேலை.

* * *

'எனக்கு முப்பது வயசுதானே, ஷுகரெல்லாம் அப்பாவுக்குத்தானே' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டலாம். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் ஆபீஸுக்கு லீவ் போட்டுவிட்டுப் போய், பாரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடப் போகிறவர் நீங்கள்தான் ஸார். தவிர, 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் ஷுகர் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். அந்த வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று தெரியுமா?

அதனால் ஆஸ்பத்திரிப் பையில் ஃபிளாஸ்க், சோப்பு, துண்டுக்கு முன்னால் ஒரு முழுத்தாளை வையுங்கள். ஷுகர் எந்த வருஷம் ஆரம்பித்தது, என்னென்ன மாத்திரை, கால் மரப்பு உண்டா, சிறுநீரக ரிசல்ட் என்ன, சாப்பிட்டால் வயிறு மணிக்கணக்கில் கனக்கிறதா, எல்லாம் எழுதுங்கள். மாத்திரைப் பட்டைகளையே கொண்டு போனால் இன்னும் உத்தமம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி சில மாத்திரைகளை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இப்போது பிரபலமாகி வரும் வாராந்தர ஊசிகளில் சில, வயிறு காலியாவதை இன்னும் தாமதமாக்கும். இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாக மறைக்கவும் செய்யாதீர்கள். சம்பந்தி வீட்டிலும், எல்.ஐ.சி. ஏஜெண்டிடமும் 'லைட்டா' என்று சொல்லிப் பழகிய வாய், டாக்டரிடமும் அதையே சொல்லும். அதுதான் ஆபத்து. ஆடிட்டரிடம் மறைத்தால் அபராதத்தோடு போகும். மயக்க டாக்டரிடம் மறைத்தால், மூச்சில் கட்ட வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. முதல் நாள் சாயங்காலம் அந்த டாக்டர் வந்து உட்காரும்போது, "ட்யூபை எடுக்கறதுக்கு முன்னாடி கட்டைவிரலைப் பார்ப்பீங்களா டாக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். நிமிர்ந்து பார்ப்பார். அவரை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படியே அவர் பேரையும் கேட்டு வையுங்கள். மறுநாள் அப்பாவின் மூச்சு கொஞ்ச நேரம் அவர் கையில்தான் இருக்கப்போகிறது.